வராத இசைத்தட்டின் நான்கு பக்கங்கள்
'பெஸ்ரிவல் எக்ஸ்பிரஸ்' திரைப்படத்தை முன்வைத்து

1

கனடாவில் நடந்த ரொக் இசைப் பயணங்களுள் மிக அதிகமாகப் பேசப்பட்ட ஒன்றுக்கு அதற்கென்று ஓர் இசைத்தட்டு வெளிவரவில்லை. 1970 ஜூன் மாதக் கடைசியில், வாடகைக்கு அமர்த்தப்பட்ட சி.என். ரயிலொன்றில் இசைஞர்கள், உதவியாளர்கள், படப்பிடிப்பாளர்கள் என நூற்றுக்கு மேற்பட்டோர் ரொறன்ரோவிலிருந்து மேற்கே புறப்பட்டார்கள். ரொறன்ரோ, வின்னிபெக், கல்கரி ஆகிய மூன்று நகரங்களில் மேடையேறினார்கள். மேடையேறாத நேரமெல்லாம் ரயிலுக்குள்ளேயே வாசித்தார்கள். ஜனிஸ் ஜொப்ளின், 'கிறேற்புல் டெட்', 'த பான்ட்', பட்டி கய், இயன்-சில்வியா தம்பதியின் 'கிறேற் ஸ்பெக்கிள்ட் பேர்ட்' முதலியோர் அதில் இருந்தனர். இவை யாவும் படமாக்கப்பட்டன, ஒலியும் பதிவாயிற்று.

பயணம் பெரும் நட்டத்தில் முடிந்தது. ஏற்பாட்டாளருக்கும் படத்தரப்புக்கும் பிணக்கு ஏற்பட, வேலை நின்றுபோயிற்று. படச்சுருள்களில் ஒரு பகுதி தயாரிப்பாளர் வில்லெம் பூல்மனின் வீட்டுக் கராஜிலும், இன்னொரு பகுதி ஒட்டாவாவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலுமாகப் பல பத்தாண்டுகள் கிடந்தன. 1990களில் அவை தேடி எடுக்கப்பட்டு, பொப் ஸ்மீற்றனின் இயக்கத்தில் ஒரு முழுநீளப் படமாகி, 2003இல் ரொறன்ரோ சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. ஹென்றிக்ஸின் ஒலிப்பொறியியலாளராக இருந்த எடி கிறேமர் ஒலிக்கலவையைச் செய்தார். 2004இல் டிவிடியும் வந்தது. இசைத்தட்டு மாத்திரம் வரவில்லை.

அந்த இல்லாத தட்டைக் கற்பனை செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ரொக் ரசிகர்கள் இவ்வாறான கற்பனையில் ஈடுபடுவதுண்டு: எந்தப் பாட்டு முதலில், எது கடைசியில், எதை விடலாம் என்று பட்டியல் போடுவார்கள். அது ஒரு பொழுதுபோக்கு. ஆனால் ஒரு நிகழ்வின் ஒலிநாடாக்களிலிருந்து எதை எடுத்து எதை வெட்டுவது என்பது வரலாறு எழுதுகின்ற வேலை. அந்த வேலையை யார் செய்கிறார்கள், யாருக்காகச் செய்கிறார்கள் என்ற கேள்வி ரொக் ரசிகர்களுக்கு எவ்வளவு முக்கியமோ தெரியாது, எமக்கு முக்கியம். வீட்டு நிலவறைகளில் கசற்றுகளைப் பெட்டி பெட்டியாக வைத்திருக்கும் ஒரு சமூகம் நாம்.

2

முதலில் படத்தைப் பற்றி. படம் பார்ப்பதற்கு மிகவும் இனிமையானது. அதுவே அதன் பிரச்சினையும் ஆகும். இளமையில் ஒன்றாகப் பயணம் செய்தவர்கள் வயதான பின் கமராவுக்கு முன்னால் இருந்து 'அது போல ஒரு காலம்' என்று நினைவுகூருகிறார்கள். இடையிடையே அந்த இளமை திரையில் வருகிறது. சஸ்கற்றூனில் ரயிலை நிறுத்தி, தொப்பியில் காசு சேர்த்து, மதுக்கடையை வெறுமையாக்கிய கதை வருகிறது. கல்கரியில் ஜொப்ளின் மேடையில் வைத்து ஏற்பாட்டாளர்களுக்கு விளையாட்டு ரயிலொன்றைப் பரிசளிப்பது வருகிறது. பார்ப்பவனும் அந்த ரயிலில் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறான். எம்மவர் மலர்களில் வரும் 'அந்த நாள் ஞாபகம்' கட்டுரைகளை வாசித்துப் பழகியவர்களுக்கு இந்த வடிவம் புதிதல்ல.

ஆனால் இந்த இனிமைக்கு வெளியே ஒரு சம்பவம் இருக்கிறது. அதைப் படத்தால் மறைக்கவும் முடியவில்லை, ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை. ஜூன் 27, 28ஆம் திகதிகளில் ரொறன்ரோ சி.என்.ஈ. அரங்கில் நிகழ்ச்சி நடந்தபோது வாசலில் பெருங்கூட்டமொன்று திரண்டு, இசை மக்களுக்குச் சொந்தம், உள்ளே இலவசமாக விடு என்று கோரிற்று. 14 டொலர் சீட்டுக்கு எதிராக எழுந்த கோபம் அது. முன்னின்றது 'மே 4 இயக்கம்'. அவ்வருடம் மே 4ஆம் திகதி ஒகையோவின் கென்ற் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் தேசியக் காவற்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட நாளையே அது பெயராகக் கொண்டிருந்தது. பயணத்தைக் 'கொள்ளை எக்ஸ்பிரஸ்' என்று அவ்வியக்கத்தினர் அழைத்தார்கள். வேலியில் ஏறினார்கள், பொலிஸாருடன் மோதல் நடந்தது, இரு பக்கத்திலும் காயப்பட்டார்கள். நிலைமையைத் தணிக்க, டெட் குழுவின் ஜெரி கார்சியா தலையிட்டு, பக்கத்திலுள்ள கொரனேஷன் பூங்காவில் இலவசக் கச்சேரியொன்றை நடத்த வழிசெய்தார்.

கல்கரியிலும் இதே கேள்வி வேறு உருவத்தில் எழுந்தது. அங்கே இலவசமாக விடச் சொன்னவர் நகர மேயரான றொட் சைக்ஸ். ஏற்பாட்டாளர்களில் ஒருவரான கென் வோக்கர், அந்த வாக்குவாதத்தில் மேயரைத் தான் அடித்ததாகப் படத்தில் கதை சொல்கிறார். சொல்பவர் கதாநாயகனாகி விடுகிறார். வாசலில் நின்றவர்களுக்கோ படத்தில் கிடைப்பது பழைய காட்சிகளில் முகமற்ற கூட்டமாக ஓடுகின்ற இடம் மாத்திரமே. முப்பது வருடங்களுக்குப் பின் ஆறுதலாக இருந்து விளக்கம் சொல்லும் வாய்ப்பு பெரும்பாலும் இசைஞர்களுக்கும் ஏற்பாட்டாளருக்குமே தரப்பட்டிருக்கிறது. ஆக, ஒரு தரப்புக்கு நினைவு இருக்கிறது. மற்றத் தரப்புக்குச் சத்தம் மட்டும் இருக்கிறது.

போராட்டக்காரரின் கோரிக்கை நியாயமானதா? அரைவாசி நியாயம் என்பதே எனது அபிப்பிராயம். கலை சந்தைச் சரக்காகிறது என்று அவர்கள் கண்டது சரி. ஆனால் சந்தையின் எசமானன் வாசலில் நிற்கிறான் என்று எண்ணியது பிழை. வாசலில் நின்றவர் நட்டப்படப் போகிற ஏற்பாட்டாளர். எசமானன் இசைத்தட்டுக் கம்பனி. அது அன்று அரங்குக்கு வரவேயில்லை. வரவேண்டிய தேவையும் அதற்கிருக்கவில்லை.

3

இதை விளங்கிக்கொள்ள அதற்கு முந்தைய வருடத்தைப் பார்க்கவேண்டும். 1969 ஆகஸ்டில் நியூயோர்க் மாநிலத்தில் நடந்த வூட்ஸ்ரொக் விழாவில் வேலி விழுந்தது, இலவசம் என்று அறிவிக்கப்பட்டது, ஏற்பாட்டாளர்கள் கடனாளிகளானார்கள். 1970 மார்ச்சில் திரைப்படமும், மே மாதத்தில் மூன்று தட்டுகள் கொண்ட தொகுப்பும் வந்தன. இலவசமாகிப் போன விழா அவற்றின் மூலம் பெரும் இலாபமாயிற்று. அந்த இலாபத்தின் பெரும்பங்கு வோர்னர் கம்பனிக்குப் போயிற்று. வாசல் இழந்ததைத் தட்டு மீட்கும் என்ற கணக்கு அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. ரொறன்ரோ ரயிலில் படப்பிடிப்புக் குழு ஏறியதன் பொருளாதாரப் பின்னணியும் அதுவே.

வூட்ஸ்ரொக் தட்டைப் பற்றி இன்னுமொரு தகவல். மேடை அறிவித்தல்கள், மழைக்காகக் கூட்டம் எழுப்பிய கூச்சல் எல்லாம் சேர்க்கப்பட்டு, 'அங்கேயே இருப்பது போன்ற' உணர்வைத் தருவதாக அது புகழப்பட்டது. ஆனால் அதிலுள்ள குறொஸ்பி-ஸ்ரில்ஸ்-நாஷ்-யங் குழுவின் பாடலொன்று வூட்ஸ்ரொக்கில் பதிவானதே அல்ல. நியூயோர்க் நகர மண்டபமொன்றில் பதிவானது. 1978இல் வெளியான 'த பான்ட்' குழுவின் 'லாஸ்ட் வோல்ட்ஸ்' தொகுப்பிலும் பின்னர் கலையகத்தில் திருத்திச் சேர்த்த ஒலிகள் உண்டு. 'நேரடிப் பதிவு' என்ற சொல்லை நாம் எப்போதும் சந்தேகத்துடன் வாசிக்கவேண்டியிருக்கிறது.

ரொறன்ரோவிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. 1969 செப்ரெம்பர் 13ஆம் திகதி வார்சிற்றி அரங்கில் நடந்த ரொக் அன்ட் றோல் விழாவை டி.ஏ. பென்னிபேக்கர் படமாக்கினார். சக் பெரி, லிற்றில் றிச்சர்ட், போ டிட்லி, ஜெரி லீ லூயிஸ் ஆகிய மூத்தவர்கள் அங்கே பாடினார்கள். கடைசி நேரத்தில் ஜோன் லெனனும் யோக்கோ ஓனோவும் வந்து சேர்ந்தார்கள். மூன்று மாதத்தில் தட்டு வந்தது: லெனன்-ஓனோ குழு வாசித்த பகுதி மட்டும். அந்த இசையை உருவாக்கிய கறுப்பினத்தவர்கள் அதில் இல்லை. யாருடைய ஒப்பந்தம் பலமானதோ அவருடைய நாற்பது நிமிடம் 'ரொறன்ரோ' என்ற பெயரில் உலகத்துக்குப் போயிற்று.

'பெஸ்ரிவல் எக்ஸ்பிர'ஸின் கதை இதன் மறுபக்கம். இங்கே ஒரு தனிப் பலசாலி இல்லை. ஜொப்ளின் கொலம்பியாவுக்குச் சொந்தம், 'த பான்ட்' கப்பிற்றலுக்கு, 'டெட்' வோர்னருக்கு. ஒவ்வொருவரும் தமது பங்கைத் தமது வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஒன்றாக வைப்பதுதான் கடினம். ஜொப்ளினின் ரொறன்ரோ, கல்கரிப் பாடல்கள் சில 1972இல், அவர் இறந்த பின் வந்த நேரடிப் பதிவுத் தொகுப்பில் சேர்ந்தன. வேறு சில 2005இல் 'பேர்ள்' தொகுப்பின் மறுபதிப்போடு வந்தன. ரயிலில் ஒன்றாக இருந்தவர்கள் தட்டில் தனித்தனியாகப் பிரிந்தார்கள். வாசலில் மோதிய இரு தரப்புக்கும் ஒலிநாடா கிடைக்கவில்லை.

4

சரி, அந்த உரிமைகளெல்லாம் ஒரு நாள் தீர்ந்து, இரண்டு தட்டுகள், நான்கு பக்கங்கள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான தயாரிப்பாளர் ஒவ்வொருவரின் சிறந்த பாட்டையும் எடுத்து அடுக்குவார். எனது கற்பனைத் தட்டு வேறு ஒழுங்கில் அமையும். அதன் ஒழுங்கைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றே: பாட்டு யாருக்கு இலவசமாகக் கிடைத்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள்?

முதற்பக்கம் மௌனத்தில் தொடங்கும். ஏனெனில் பயணம் தொடங்கியிருக்க வேண்டிய இடம் மொன்றியல். நாள் ஜூன் 24. கியூபெக் மக்களின் சென் ஜோன் பப்ரிஸ்ற் திருநாள். அந்த நாளில் பெருங்கூட்டம் கூடுவதை நகர நிர்வாகம் விரும்பவில்லை, நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. நான்கு மாதம் கழியுமுன், ஒக்ரோபர் 16ஆம் திகதி, போர்க்கால நடவடிக்கைச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. பிடியாணையின்றி ஏறத்தாழ ஐந்நூறு பேர் பிடிக்கப்பட்டனர். பாடகி போலின் ஜூலியனும் அவர்களுள் ஒருவர். அவசரகாலச் சட்டத்துக்கும் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கும் தப்பி இந்த நாட்டுக்கு வந்த எமக்கு, இந்த நாடும் அப்படியொரு இரவைக் கண்டது என்ற செய்தி பல காலம் தெரியாமலே இருந்தது. படமும் அதைப் பேசுவதில்லை. ஆகவே சில விநாடிகள் ஊசி வெறும் தட்டில் ஓடட்டும். பின்னர் வாசலின் சத்தம்: ஒலிபெருக்கி அறிவித்தல், கோஷம், குதிரைப் பொலிஸார். அதன் மேல் பட்டி கய் பாடும் 'மணி'. காசைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று சொல்லும் அந்தப் பழைய பாட்டு, வாசலில் நடப்பதற்குக் கிண்டலாகவும் விளக்கமாகவும் அமையும். பக்கத்தின் முடிவில் கொரனேஷன் பூங்காவின் இலவசக் கச்சேரி. 'டெட்' குழுவின் 'நியூ ஸ்பீட்வே பூகி' இங்கேதான் வரவேண்டும். 1969 டிசெம்பரில் கலிபோர்னியாவின் அல்ரமொன்ற் இலவச விழாவில் இளைஞனொருவன் குத்திக் கொல்லப்பட்டதன் பின் எழுந்த பாட்டு அது. இலவசம் என்பதற்கும் ஒரு விலை உண்டு என்று அறிந்தவர்கள் இலவசமாகப் பாடியது அது.

இரண்டாம் பக்கம் அரங்குக்குள்ளே. இங்கே எனது தலையீடு உறையில்தான் இருக்கும். ஒவ்வொரு பாட்டின் கீழும் அதை முதலில் உலகறியச் செய்தவரின் பெயர் அதே அளவு எழுத்தில் அச்சாகவேண்டும். ஜொப்ளின் தொண்டை கிழியப் பாடும் 'க்றை பேபி' 1963இல் கார்னற் மிம்ஸ் பாடியது. 'ரெல் மாமா' 1967இல் எற்றா ஜேம்ஸ் பாடியது. 'த பான்ட்' வாசிக்கும் 'ஸ்லிப்பின் அன்ட் ஸ்லைடின்' லிற்றில் றிச்சர்டின் பாட்டு. இயன்-சில்வியா குழு பாடும் 'சி.சி. றைடர்' 1924இலேயே மா றெயினியால் பதிவாயிற்று. பட்டி கய்யின் 'மணி' 1959இல் பரற் ஸ்ரோங்கினுடையது. படத்தில் தன் பெயரில் குழு நடத்தும் கறுப்பினக் கலைஞராக நாம் காண்பது பட்டி கய் ஒருவரையே. ஆனால் ரயில் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது கறுப்பினத்தவரின் இசை. வெள்ளையர் பாடியதால் அது பொய்யாகிவிடவில்லை. ஜொப்ளினின் துயரம் பாவனையல்ல என்பது யாருக்கும் கேட்கும். கேள்வி அவருடைய நேர்மை பற்றியதல்ல. கணக்குப் புத்தகம் பற்றியது.

5

மூன்றாம் பக்கம் ரயில். இந்தத் தட்டு வெளிவரவேண்டும் என்று நான் விரும்புவதற்குக் காரணமே இந்தப் பக்கந்தான்.

மேடையில் ஒவ்வொரு குழுவும் தன் பேரைக் காப்பாற்ற வாசிக்கிறது. ரயிலில் அது இல்லை. ஒருவரின் கிற்றாரை மற்றவர் வாங்குகிறார். பாட்டின் வரிகளை ஒருவர் மறக்க மற்றவர் எடுத்துக் கொடுக்கிறார். சுருதி விலகுகிறது, யாரும் கவலைப்படவில்லை. அடியில் சில்லுகளின் தாளம் ஓயாமல் கேட்கிறது. ரயிலின் தாளம் எமக்கும் பழக்கமானதே. யாழ்தேவி ஓடிய பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போன காலத்தை நாம் கண்டிருக்கிறோம். 1990இல் நின்றுபோன ரயில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் போனது 2014இலேயே. ஆகவே ஒரு ரயிலுக்குள் மக்கள் பயமின்றிப் பாடிக்கொண்டு போவதைப் பார்க்கையில் எமக்குள் எழும் உணர்வு கனடியனுடையதைப் போன்றதல்ல. அதையும் சேர்த்தே நாம் இந்தப் படத்தைப் பார்க்கிறோம்.

படத்தின் உச்சம் என்று பலரும் சொல்லும் காட்சி இந்த ரயிலில்தான் நடக்கிறது. 'த பான்ட்' குழுவின் ரிக் டாங்கோ நன்றாகக் குடித்திருக்கிறார். பக்கத்தில் ஜொப்ளின், எதிரே கார்சியா கிற்றாருடன். டாங்கோ 'எயின்ற் நோ மோர் கேன்' என்ற பாட்டை எடுக்கிறார். ஜொப்ளின் சேர்ந்துகொள்கிறார். சிரிப்பு, தடுமாற்றம், மறுபடி பாட்டு. மூன்று மாதத்தில், ஒக்ரோபர் 4ஆம் திகதி, ஜொப்ளின் இறந்துபோவார் என்பது எமக்குத் தெரியும். கார்சியா 1995இலும் டாங்கோ 1999இலும் போய்விட்டார்கள் என்பதும் தெரியும். ஆகவே அந்தச் சிரிப்பு மனதைப் பிசைகிறது. படம் அந்த உணர்வோடு திருப்திப்பட்டுவிடுகிறது.

ஆனால் அவர்கள் பாடுவது என்ன? அது ரெக்ஸஸ் மாநிலத்துச் சிறைக் கைதிகளின் வேலைப்பாட்டு. பிறஸோஸ் ஆற்றங்கரையில் இனிக் கரும்பு இல்லை, எல்லாவற்றையும் அரைத்துச் சாறாக்கிவிட்டார்கள் என்பது அதன் சாரம். அடிமை முறை ஒழிந்த பின் கறுப்பின மக்களைச் சிறு குற்றங்களுக்காகச் சிறையிலிட்டு, அந்தக் கைதிகளைத் தோட்டங்களுக்கு வாடகைக்கு விட்ட முறையிலிருந்து வளர்ந்தவை அந்தக் கரும்புப் பண்ணைகள். 1933இல் ஜோன் லோமக்ஸும் அவரது மகன் அலனும் ஷுகர்லான்ட் என்ற ஊருக்கருகே சிறைப்பண்ணையில் அந்தப் பாட்டைப் பதிவு செய்தார்கள். 2018இல் அதே ஊரில் பாடசாலையொன்றைக் கட்ட நிலத்தைத் தோண்டியபோது 95 பேரின் எச்சங்கள் வெளிப்பட்டன. வாடகைக்கு விடப்பட்டு அங்கேயே புதைக்கப்பட்ட கறுப்பினக் கைதிகள் அவர்கள்.

கரும்பு என்றால் எமக்கு வேறொருவர் விளக்கம் சொல்லத் தேவையில்லை. 1860இல் மதராசிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு முதற்கப்பல் போயிற்று. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட பெண்களுக்காகப் பாரதி அழுதார். ஈழத்தில் அது கரும்பாக இல்லாமல் கோப்பியாகவும் தேயிலையாகவும் இருந்தது, அவ்வளவுதான். மலையக மக்களின் பாடல்களைச் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். தொகுத்தவரின் பெயர் எமக்குத் தெரியும். பாடிய பெண்களில் எத்தனை பேரின் பெயர் தெரியும்?

இப்போது வாசலில் நின்ற கூட்டத்தை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவருவோம். 'இசை இலவசமாக இருக்கவேண்டும்' என்று அவர்கள் கேட்டார்கள். அந்த இசையின் அடியில் உண்மையாகவே இலவசமாக எடுக்கப்பட்ட ஒன்று ஏற்கனவே இருந்தது: கூலியில்லாத உழைப்பும், அந்த உழைப்பில் பிறந்த பாட்டும். அதற்கு வாசலில் நின்றவரும் விலை கேட்கவில்லை, உள்ளே நின்றவரும் விலை கொடுக்கவில்லை. ரயிலில் பாடியவர்களை இதற்காகக் குற்றம் சாட்டுவது எனது நோக்கமல்ல. அவர்கள் அந்தப் பாட்டை நேசித்தார்கள். அதைப் பாடியபடியால்தான் அது எமது காதுவரை வந்திருக்கிறது. நான் கேட்பது, மூன்றாம் பக்கத்தில் டாங்கோவின் குரலுக்கு முன் 1933இன் அந்தச் சிறைப்பதிவு ஒலிக்கவேண்டும் என்பதே. கீறல் விழுந்த தட்டில் கைதிகளின் குரல். அதைத் தொடர்ந்து ரயிலின் சில்லுச் சத்தம். பின் குடிபோதையில் அதே பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவன் சந்தோஷத்தை இழக்கமாட்டான். அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

நான்காம் பக்கம் கல்கரியும் அதற்குப் பின்னும். ஜொப்ளினின் விடைபெறல், விளையாட்டு ரயில், கூட்டத்தின் கைதட்டல். கடைசியாக 'த பான்ட்' பாடும் 'ஐ ஷல் பி றிலீஸ்ட்'. டிலன் எழுதிய சிறைப்பாட்டு அது; ஒன்ராறியோவின் ஸ்ராட்பேட் நகரத்தவரான றிச்சர்ட் மனுவல் மெல்லிய குரலில் பாடுவது. மூன்றாம் பக்கத்தின் கைதிகளையும், அந்த ஒக்ரோபரில் மொன்றியலில் பிடிபடவிருந்தவர்களையும் நினைத்துக்கொண்டு கேட்டால், தேய்ந்துபோன அந்தப் பாட்டுக்குப் புதிய அர்த்தம் வந்துவிடும். கைதட்டல் வரமுன் தட்டு முடியட்டும்.

6

இவ்வளவும் கற்பனை. ஆனால் இதை எழுதத் தூண்டியது எமது நிலைமை. அதைச் சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது.

எமது பாடல்கள் பலவும் எமக்கு வந்து சேர்ந்தது பிரதியெடுத்த கசற்றுகளில். இலங்கை வானொலியில் கேட்டதை வீட்டில் பதிந்தவர்கள், நித்தி கனகரத்தினத்தினதும் ஏ.ஈ. மனோகரனதும் பொப் பாடல்களைக் கொப்பியடித்துக் கைமாற்றியவர்கள், அகதியாகப் புறப்பட்டபோது பயணப் பையில் சட்டைக்குப் பதிலாக ரேப் வைத்தவர்கள்: இவர்களால்தான் அந்த ஒலி பிழைத்தது. 'கிறேற்புல் டெட்' குழுவினர் தமது கச்சேரிகளை ரசிகர்கள் பதிவு செய்ய அனுமதித்தார்கள். 1984 முதல் அதற்கெனத் தனி இடமும் ஒதுக்கினார்கள். எம்மிடம் அனுமதி கேட்கவும் ஆளில்லை, கொடுக்கவும் ஆளில்லை. விளைவாக ஒலி மிஞ்சியது; பாடியவருக்குக் காசும் போகவில்லை, பல சமயம் பேரும் போகவில்லை. 'சமூகத்துக்காக' இலவசமாக வந்து பாடு, நடி, மேளமடி என்று கலைஞனைக் கேட்பதும், மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் சாப்பாட்டுக்கும் மறுபேச்சின்றிக் காசு கொடுப்பதும் இந்த நகரத்தில் எமது வழக்கம். மே 4 இயக்கத்தின் பாதி நியாயம்கூட இதில் இல்லை.

இதைவிடக் கடினமான கேள்வியொன்றும் உண்டு. 1980களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் கவிதா நிகழ்வுகளும் வீதி நாடகங்களும் நடந்தன. 1985இல் 'மண் சுமந்த மேனியர்' ஊரூராகக் கொண்டு செல்லப்பட்டது. அக்காலத்துக் கூட்டங்கள், பாடல்கள், உரைகள் பலவற்றை யாரோ ஒருவர் சிறு ரேப் றெக்கோடரில் பதிந்திருப்பார். 1986இலும் அதன் பின்னும் ஒருவரையொருவர் துரோகி என்றவர்களும், கொன்றவர்களும், கொல்லப்பட்டவர்களும் அந்த நாடாக்களில் ஒரே மேடையில் அருகருகே நிற்பார்கள். அவர்களின் சிரிப்பும் இருக்கும். நாளை எவராவது தமது நிலவறையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து வெளியிட முன்வந்தால், எந்தக் குரலை வைப்போம், எந்தக் குரலை வெட்டுவோம்? அமைப்பின் வெளியீடானால் அமைப்புக்கு உவப்பானது மிஞ்சும். எதிர்ப்பாளரின் வெளியீடானால் அவர்களுக்கு உவப்பானது மிஞ்சும். நினைவு மலராக்கினால் எல்லோரும் நல்லவர்களாகி, எதுவுமே நடக்காதது போலாகிவிடும். 2003இன் படம் இந்த மூன்றாவது வழியைத் தேர்ந்தது. அது இனிமையான வழி. ஆகவே அதுவே அதிக ஆபத்தானது என்பது எனது வாதம்.

1970இல் அந்தக் கூட்டம் முட்டி மோதிய சி.என்.ஈ. அரங்கு 1999இல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இப்போது உதைபந்தாட்ட அரங்கொன்று நிற்கிறது. எமது பிள்ளைகள் சீட்டு வாங்கி அதற்குள் போய் வருகிறார்கள். அங்கே நடந்ததற்கு ஒலிநாடாவைத் தவிர வேறு சாட்சி அதிகமில்லை. கராஜில் கிடந்த முப்பது வருடத்தில் அந்த நாடா பழுதாகாமல் இருந்தது ஓர் அதிர்ஷ்டம். எமது கசற்றுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. காந்தப்பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கிறது, பதிந்தவர்கள் வயதாகி ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே இரண்டு பிரேரணைகளை முன்வைக்கிறேன். ஒன்று, தம்மிடமுள்ள நாடாக்களை வெட்டாமல் முழுமையாகப் பிரதியெடுத்து, யார் எங்கே எப்போது பதிந்தது, யார் பாடியது என்று எழுதிவைப்பது. இரண்டு, எவருடைய குரலையும் அவரது பிந்திய அரசியலைக் காரணம் காட்டி நீக்குவதில்லை என்று முன்கூட்டியே இணங்குவது. இரண்டாவதை ஏற்காதவர்கள் எம்மிடையே பலர் இருப்பார்கள் என்று அறிவேன். கொலையாளியின் குரலையும் கொல்லப்பட்டவனின் குரலையும் ஒரே தட்டில் வைப்பது நீதியாகுமா என்று அவர்கள் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. எனது விடை, உறையில் யார் யாரை என்ன செய்தார்கள் என்று எழுதுவோம், ஒலியில் கைவைக்காதிருப்போம் என்பது. மாற்று விடை உள்ளவர்கள் இப்பக்கங்களில் எழுதவேண்டும்.